முப்பத்து நான்காம் கண்ணி

வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. சின்னேரிப்பட்டு ஏரிக்கரையில் மூன்று நாளாகக் காதைக் கிழித்துக்கொண்டிருந்த ஜேசிபி திடீரென்று நின்றுபோனது. சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிற ஊர்தான் அது. அன்றைக்குச் சத்தம் நின்றதற்காக ஓடியது.

கொளஞ்சி அப்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். டவுனில் உப்பளம் என்கிற பகுதியில் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. எட்டேகால் பேருந்தை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். "ஜேசிபிக்காரன் மயங்கி வுழுந்துட்டானாம்" என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓட, அவளும் சாப்பாட்டுப் பையோடு கரையேறினாள்.

அவன் மயங்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கிப் பத்தடி தள்ளி, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் வேணும்னு பண்ணலைங்க, மண்ணுதாங்க எடுத்தேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கரையின் வயிற்றில் பழைய மடைக்கிணறு திறந்து கிடந்தது. ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடைக்கு மேலே, ஓர் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குச் செங்கல்லால் கட்டிய தொட்டி அது. 2011இல் வந்த ‘தானே’ புயலில் கரை உடைந்தபோது மண்ணுக்குள் போய்விட்டது. ஊர் அதன் மேலேயே கரையைக் கட்டிவிட்டு, இருபதடி தள்ளிப் புது மடை வைத்துக்கொண்டது. பதிமூன்றரை வருடம் கழித்து இப்போதுதான் அதன்மேல் வெயில் பட்டது.

தொட்டிக்குள் ஷட்டரைத் தூக்குகிற திருகு நட்டமாக நின்றது. திருகின் தலையில் ஓர் இரும்புப் பிடி மாட்டியபடி இருந்தது. ஷட்டர் பாதி தூக்கிய நிலையில் அப்படியே துருவேறிப் போயிருந்தது. பிடிக்குக் கீழே, காய்ந்த சேற்றில் அப்பியபடி, ஒரு மனிதனின் எலும்புகள். அவற்றைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு மழைக்கோட்டு. எலும்பு மட்கினாலும் பிளாஸ்டிக் மட்குமா? நேற்றுக் கழற்றிப் போட்டதுபோல நீலமாக இருந்தது.

ஊரில் அந்தக் காலத்தில் நீல மழைக்கோட்டு ஒருவரிடம்தான் உண்டு. மடையைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்று ஊரே சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

கோயில் தர்மகர்த்தா இராமதாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். பெயரைச் சொல்லவில்லை. "யப்பா... ஓடிப்போகலியாடா நீ" என்றார்.

கொளஞ்சியின் கையிலிருந்த பை நழுவியது. டிபன் டப்பா கரைச் சரிவில் உருண்டுபோய், தொட்டியின் விளிம்பில் தட்டி நின்றது. அதை எடுக்க யாரும் போகவில்லை. அவளும் போகவில்லை.

அந்த எலும்புக்குச் சொந்தக்காரரை ஓடுகாலி என்று ஊர் நடுவில் நின்று பதிமூன்று ஆடி மாதம் பாடியவள் அவள்தான்.

சின்னேரிப்பட்டில் செல்லியம்மனுக்கு ஆடியில் மூன்று நாள் திருவிழா. மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கும்மி. வீட்டுக்கு ஒரு பெண் வட்டத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏனென்று ஊர் கேட்கும். சாமிப் பாட்டு முடிந்ததும் ஊர்ப்பாட்டு தொடங்கும். வருடத்துக்கு ஒரு கண்ணி, நாலு வரி. அந்த வருடத்தில் ஊருக்கு நடந்தவற்றில் எது பெரிதோ அதைப் பாட்டெடுக்கிறவள் கட்டிக்கொண்டு வருவாள். வட்டம் அதை வாங்கி மூன்று சுற்றுப் பாடிவிட்டால் முடிந்தது. அப்புறம் கட்டியவளே நினைத்தாலும் ஓர் எழுத்தைத் தொட முடியாது. அம்மன் காதில் விழுந்தது விழுந்ததுதான். ஒவ்வோர் ஆடியிலும் 1979ஆம் வருடத்து முதல் கண்ணியிலிருந்து எல்லாவற்றையும் பாடி முடித்த பிறகுதான் புதுக் கண்ணி.

கரண்டு வந்தது, மில்லை மூடியது, கடல் ஏறியது, போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வந்தது எல்லாம் அதில் இருந்தன. ஓட்டுக் கேட்க வந்தவரின் கார் கீழத்தெருச் சேற்றில் மாட்டி, இரண்டு எருமையைக் கட்டி இழுத்த கதையும் ஒரு கண்ணி. அது வந்தால் பெண்கள் சிரித்துச் சிரித்துத் தாளம் தப்புவார்கள்.

கொளஞ்சி படித்தது ஐந்தாவது வரைக்கும். அப்புறம் டவுன் மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்காது. ஆனால் தாளம் கேட்கும். அதற்கு வார்த்தையைக் கோத்துக் கோத்துப் பழகினாள். இருபத்து நாலு வயதில் ஊர்ப்பாட்டு அவள் கைக்கு வந்தது. மில்லை மூடிய பிறகு பேருந்தின் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக் கட்டினாள். பதிமூன்றாம் கண்ணியிலிருந்து நாற்பத்தாறாம் கண்ணி வரைக்கும் எல்லாம் அவள் கட்டியவை. ஊரில் பெண்களுக்குள் சண்டை முற்றினால் "இரு, கொளஞ்சிகிட்ட சொல்லி உன்னைப் பாட்டுல ஏத்தறேன்" என்பார்கள். அதற்கு ஆண்களும் பயப்படுவார்கள்.

அவள் மகன் நிலவன் எம்.ஏ. வரலாறு. அவர்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். "நம்ம ஊருக்குக் கல்வெட்டு இல்லைன்னு யாருமா சொன்னது? நீ நடமாடுற கல்வெட்டு" என்று அம்மாவை உட்காரவைத்து, நாற்பத்தாறு கண்ணியையும் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் கீழே வருடமும் குறிப்பும் எழுதி, டவுனில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தான். இந்த ஆடிக்குப் புத்தகம் வரவேண்டும். முப்பத்து நான்காம் கண்ணி இருபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது:

*காத்தடிச்சி மழையடிச்சி கரையொடஞ்சி போனதடி – மடை*
*காத்த சக்கரபாணியும் சாக்கெடுத்துப் போனானடி*
*எட்டுவீடு கீழத்தெரு ஏரித்தண்ணி மூழ்கையிலே – அவன்*
*எல்லைக்கல்லு தாண்டித்தன் உசுரக்காத்துக் கிட்டானடி*

அதன் கீழே நிலவனின் குறிப்பு: "2011 டிசம்பர். மடைக்காவலர் புயலுக்கு முன்தினம் ஊரைவிட்டு வெளியேறினார்."

போலீஸ் வந்து கயிறு கட்டியது. எட்டேகால் பேருந்து போய், ஒன்பதரைப் பேருந்தும் போனது. கொளஞ்சி கரைமேலேயே நின்றாள்.

அவள் பொய்யாக எதையும் கட்டியதில்லை. பார்த்ததைத்தான் பாடினாள். புயலுக்கு முந்தின நாள் மூன்று மணி சுமாருக்கு வேலைவிட்டு வந்து பேருந்தைவிட்டு இறங்கினாள். காற்று தூக்கத் தொடங்கியிருந்தது. நீலக் கோட்டு போட்டுக்கொண்டு சக்கரபாணி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு சாக்கு. அதற்குள் ஏதோ கனமாக இருந்தது.

"இன்னாண்ணே, இந்தக் காத்துல எங்க?" என்று கத்தினாள்.

அவர் நிற்கவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு, எல்லைக்கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்.

எல்லைக்கல் என்றால் பிரெஞ்சுக்காரன் நட்ட கல். ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்கம் டீக்கடை, அந்தப் பக்கம் பட்டறை. நாளைக்கு நாற்பது முறை தாண்டுவார்கள். தாண்டுகிறோம் என்ற நினைப்பே இருக்காது. ஆனால் ஒருத்தர் காணாமல் போனால் மட்டும் அந்தக் கல் மதிலாகிவிடும். சக்கரபாணியின் மனைவி ஜெயம் புகார் கொடுக்கப் போனபோது இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் "கடைசியா அந்தப் பக்கம் போனதைத்தானே பாத்திருக்காங்க, அங்க குடு" என்றார்கள். அந்தப் பக்கத்தில் "ஆளு உங்க ஊரு ஆளு, அங்கயே குடும்மா" என்றார்கள். கடைசியாகப் பார்த்தது யார் என்று ஊர்க்கூட்டத்தில் இராமதாஸ் கேட்டார்.

"நான் பாத்தேன்" என்றாள் கொளஞ்சி. "சாக்கைத் தூக்கிக்கிட்டு எல்லையைத் தாண்டிப் போனாரு."

அதற்கு மேல் எவரும் எதுவும் கேட்கவில்லை. கீழத்தெருவில் எட்டு வீடு விழுந்திருந்தது. யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

உடைந்த கரையை மறுபடி கட்ட ஐந்து நாள் ஆனது. மணல் மூட்டையை ஆண்கள் அடுக்க, பெண்கள் வரிசையாக நின்று கூடையில் மண் கொடுத்தார்கள். வேலை தொய்யாமலிருக்கக் கொளஞ்சி பாட்டெடுத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், கூடையை வாங்கிக் கவிழ்க்கிற தாளத்துக்கு, "சாக்கெடுத்துப் போனானடி" என்ற வரி தானாக வந்து விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். "இன்னொரு தபா சொல்லுடி" என்றார்கள். சொன்னாள். சொல்லச் சொல்ல மண் விழுந்தது.

எங்கே நின்று மண் கொட்டினாள் என்பதை இப்போது கண்ணால் அளந்து பார்த்தாள். கயிறு கட்டிய இடத்துக்கு நேர் மேலே.

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு ஷஹாபுதீன் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். சின்னேரிப்பட்டில் அவர் கை படாத கேட்டும் ஏர்க்கலப்பையும் கிடையாது. இராமதாஸ் ஆள் அனுப்பி அழைத்திருந்தார். போலீஸ்காரர் இரும்புப் பிடியைச் சாக்கில் வைத்துக் காட்ட, பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பிடியின் நடுவில் ஒட்டுப் போட்ட தழும்பு இருந்தது. அதை விரலால் தடவினார்.

"நான் போட்டதுதான்" என்றார். "புயலுக்கு மொத நாளு. பிடி ரெண்டா ஒடஞ்சி போச்சி பாய், ஷட்டரு ஏற மாட்டேங்குது, ராத்திரிக்குள்ள தொறக்கலன்னா கரை தாங்காதுன்னு சாக்குல போட்டு எடுத்தாந்தாரு. கரண்டு இல்ல. ஜெனரேட்டர் போட்டு ஒட்டிக் குடுத்தேன். ரோடு வழியா சுத்தாம, பட்டறைக்குப் பின்னால கரைமேல ஏறிப் போனாரு. இருட்டற நேரம். டீ குடிச்சிட்டுப் போங்கன்னேன். தொறந்துட்டு வந்து குடிக்கிறேன்னாரு."

"இதை நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்!" இராமதாஸின் குரல் உடைந்தது.

ஷஹாபுதீன் நிமிர்ந்தார். அவர் சத்தம் போட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. "எங்கிட்ட யாருங்க கேட்டீங்க? ரெண்டு நாள் கழிச்சி, ஆளு ஓடிட்டான்னு உங்க ஊர்லதான் சொன்னாங்க. என் பட்டறைக்கு வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் ஓடியிருப்பாரு போலன்னு நானும் நெனச்சிக்கிட்டேன். பாத்த சாட்சி இருக்குதுன்னீங்க. சாட்சிக்கு மேல நான் யாரு?"

அந்தச் சாட்சி ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடக் கொளஞ்சிக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும்.

ஜெயம் கரைக்கு வந்தபோது கூட்டம் தானாக விலகியது. பதிமூன்று வருடமாகக் கல்யாணம், காட்சி, கோயில் என்று எதற்கும் வராதவள். வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்று, மகள் சுடர்விழியைப் படிக்கவைத்து, டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் ஆக்கியவள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்பதால் தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள். அழவில்லை.

"ஓடிப்போகல இல்ல?" என்று இராமதாஸிடம் கேட்டாள்.

"இல்லம்மா."

"ஓடிப்போகல இல்ல?" இது போலீஸ்காரரிடம். ஜேசிபிக்காரனிடம் போய் அவனையும் கேட்டாள். அவன் எழுந்து நின்று கும்பிட்டான். அப்புறம் அவள் சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள். அன்றைக்குக் கரையில் நின்றவர்களைக் கேட்டால், எலும்பைப் பார்த்ததைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் ஈரக்குலை நடுங்கியது என்பார்கள்.

கொளஞ்சியிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் கடந்து போனபோது சேலை முனை அவள் முழங்கையில் பட்டது. அவ்வளவுதான்.

எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போய், சுடர்விழியிடம் ரத்தம் எடுத்து, முடிவு வந்து, அடக்கம் முடிய ஆடி பிறந்துவிட்டது. அடக்கத்தன்று தாலியை வாங்க வந்த கிழவிகளை ஜெயம் வாசலோடு நிறுத்தினாள். "இத்தினி வருசம் ஓடிப்போனவனுக்காகக் கழட்டாம வெச்சிருந்தேன். இப்பத்தான் இது அவருக்காக. போங்க" என்றாள்.

திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கொளஞ்சி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்றாம் கண்ணி முடிந்ததும் என்ன செய்வது?

அதைப் பேசத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமதாஸ் அவள் வீட்டுக்கு வந்தார். நிலவன் நாற்காலி போட்டான்.

"எடுத்துடலாம்மா" என்றான் நிலவன். "அச்சகத்துல சொல்லிட்டேன். இருபத்தெட்டாம் பக்கத்தை மாத்திக்கலாமாம். ஒரு கண்ணிதானே. முப்பத்து மூணுக்கு அப்புறம் முப்பத்தஞ்சு."

"எடுக்கறதுக்கு நீ யாரு, நான் யாரு?" என்றார் இராமதாஸ். "நாப்பத்தாறு வருசத்துல ஒரு எழுத்து மாறினதில்ல. இன்னைக்கு இதை எடுத்தா, நாளைக்கு எருமைப் பாட்டை எடுன்னு கார்க்காரரு வீட்ல வந்து நிப்பாங்க. அப்புறம் அது ஊர்ப்பாட்டா, சினிமாப் பாட்டா?"

"தப்புன்னு தெரிஞ்சும் பாடணுமா மாமா?"

"நீயுந்தான்டா குறிப்பு எழுதின! எம்.ஏ. படிச்சவன்தானே? பட்டறை எதிர்ல இருந்துது, போயிக் கேட்டியா?"

வரலாறு படித்தவன், அம்மா சொன்னாள் என்று எழுதிவிட்டான். நிலவன் முகம் கறுத்து உள்ளே போனான்.

மகன் சொன்னதைக் கேட்டபோது கொளஞ்சிக்குள் ஏதோ லேசானது உண்மைதான். எடுத்துவிட்டால் தீர்ந்தது. பாட்டில் இல்லாதது ஊரில் நடக்காதது. இன்னும் இருபது வருடம் போனால் எவருக்கும் நினைவிருக்காது. அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே ஓர் அருவருப்பு வந்தது. ஆனாலும் மறுநாள் காலை எட்டேகால் பேருந்தில் சுடர்விழியைக் கண்டதும் அதைத்தான் சொல்லப் போனாள்.

பதிமூன்று வருடமாக அவர்கள் இருவரும் ஒரே பேருந்தில்தான் போகிறார்கள், முதலில் அவள் பள்ளிக்கூடம், இப்போது வேலை; நடுவில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படித்த வருடங்கள் மட்டும் இல்லை. வட்டத்தில் அந்த வீட்டுக்காகப் பதினாலு வயதிலிருந்து நின்றவளும் அவள்தான். முப்பத்து நான்காம் கண்ணி வரும்போது தலையைக் குனிந்துகொண்டு கைதட்டுவாள். தாளம் மட்டும் தப்பியதில்லை. என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பொண்ணுக்கு என்று கொளஞ்சி உள்ளுக்குள் வியந்ததுண்டு. ஒரு முறைகூட அதற்கு மேல் யோசித்ததில்லை.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கொளஞ்சி உட்கார்ந்தாள். வில்லியனூர் தாண்டியதும் கூப்பிட்டாள்.

"சுடரு."

"சொல்லுங்க அத்தை."

"அந்தக் கண்ணியை எடுத்துடறேன்மா. ஊரு இன்னா சொன்னாலும் சரி. புஸ்தகத்துலயும் வராது. இனிமே அதை எவளும் பாட மாட்டா."

சுடர்விழி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "மெட்டு நல்லா இருக்கும் அத்தை அது. உங்களுக்குத் தெரியுமா, நீங்க கட்டினதுலயே அதான் நல்ல மெட்டு."

கொளஞ்சி முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காலேஜ் ஹாஸ்டல்ல நான் துணி துவைக்கறப்ப என்னை அறியாம அதான் வாயில வரும். கூட இருந்தவளுங்க, நல்லா இருக்குடி, இன்னா பாட்டுன்னு கேப்பாளுங்க. எங்க ஊரு கும்மின்னு சொல்லுவேன். அவங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன்." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "எங்கப்பா ஓடிப்போன பாட்டை நானே சொல்லிக் குடுத்தேன்."

"அய்யோ, சுடரு..."

"எடுக்காதீங்க. எடுத்துட்டா எங்கம்மா எதுக்குப் பதிமூணு வருசம் வீட்டுக்குள்ளயே கெடந்தாங்கன்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்? எல்லாரும் சேந்து பாடினீங்கல்ல, அது இருக்கட்டும். நடந்ததைத்தானே பாட்டுல வைப்பீங்க? இதுவும் நடந்தது."

பேருந்து நின்றது. அவளுடைய நிறுத்தம். எழுந்தவள் ஒரு நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வருசம் புதுக் கண்ணி கட்டணும்ல. அதுல இன்னா வைக்கப் போறீங்கன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கொளஞ்சி உப்பளத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டாள். கண்டக்டர் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. விரல் ஜன்னல் கம்பியில் இருந்தது. ஆனால் தாளம் வரவில்லை.

அதற்கப்புறம் பதினெட்டு நாள் வரவில்லை. "வீரன் மடை திறந்தான்" என்று ஏதோ வந்தது, துப்பிவிட்டாள். செத்த பிறகு மாலை போடுவது சுலபம், யார் வேண்டுமானாலும் போடுவார்கள். "காலம் செஞ்ச கோலமடி" என்று வந்தது. அது அதைவிட மோசம். காலமா ஊர்க்கூட்டத்தில் நின்று பார்த்தேன் என்று சொன்னது? திருவிழாவுக்கு முதல் நாள் அலுவலகத்துப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துணி போய் வருகிற தாளத்தில், முதல் வரி ஒரு கேள்வியாக வந்தது. அதற்குப் பதில் தேடியபோது மீதி மூன்று வரியும் வந்துவிட்டன. பாதிப் படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கோயில் வாசலில் வட்டம் கூடியது. ஷஹாபுதீன் வேப்பமரத்தடியில் வந்து நின்றார். நிலவன் கையில் புத்தகம் இல்லை. அச்சகத்துக்குப் போய் நிறுத்திவிட்டு வந்திருந்தான். "பாடி முடியட்டும். நானும் பட்டறையில கேட்டு எழுத வேண்டியது இருக்குது" என்றான். ஜெயம் வீட்டுக்காக யார் வருவார்கள் என்று எல்லாக் கண்ணும் தெருமுனையைப் பார்த்தன. சுடர்விழி வந்தாள். ஆனால் வட்டத்துக்கு வெளியே ஒதுங்கிக்கொண்டாள். அவள் பின்னால் வந்த ஜெயம், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது. ஒரு கிழவி ஏதோ முணுமுணுக்க, இராமதாஸ் அவளை முறைத்தார்.

சாமிப் பாட்டு முடிந்தது. ஊர்ப்பாட்டு தொடங்கியது. கரண்டு வந்தது, மில்லை மூடியது, கடல் ஏறியது. எருமைக் கண்ணிக்கு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. முப்பத்து மூன்று முடிந்தது.

கொளஞ்சி நிறுத்தாமல் முப்பத்து நான்கை எடுத்தாள். "காத்தடிச்சி மழையடிச்சி..." வட்டம் வாங்க வேண்டும். வாங்கவில்லை. கைகள் பாதியில் நின்றன. அவள் மட்டும் தனியாகப் பாடினாள். நாலு வரியும், ஓர் எழுத்து குறையாமல், தன் குரலைத் தானே கேட்டபடி. இவ்வளவு நல்ல மெட்டா இது? "உசுரக்காத்துக் கிட்டானடி" என்று முடித்துவிட்டு ஜெயம் நின்ற பக்கம் திரும்பினாள். ஜெயம் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதிமூன்று வருடத்தில் அந்தப் பாட்டை அவள் நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை.

மீதிப் பன்னிரண்டும் எப்படிப் போனதென்று கொளஞ்சிக்குத் தெரியாது. நாற்பத்தேழாம் கண்ணிக்கு வந்தாள்.

*மண்ணெடுத்துப் போட்டதாரு? மார்மேல போட்டதாரு? – அந்த*
*மடையடியில் கெடந்தவன மறந்துபாடி வெச்சதாரு?*
*பாத்ததொண்ணு பாடினதொண்ணு பதிமூணு வருசமடி – பொய்ப்*
*பாட்டெடுத்த கொளஞ்சியின்னு பாடிக்கும்மி கொட்டுங்கடி*

ஒருத்தியும் வாங்கவில்லை. ஊரில் மானம் என்று ஒன்று உண்டு. பாட்டெடுக்கிறவள் தன் பெயரையே ஏற்றுவாள் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. வட்டம் மூன்று சுற்றுப் பாடிவிட்டால் அது இருக்கும். கொளஞ்சி செத்த பிறகும் இருக்கும். அவள் பேத்தி வட்டத்தில் நின்று கைதட்டிப் பாட வேண்டியிருக்கும். "வேணாம் கொளஞ்சி, வேற கட்டு" என்று பக்கத்தில் நின்றவள் கிசுகிசுத்தாள். நிலவன் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்குங்கடி" என்றாள் கொளஞ்சி. அது கெஞ்சலாகத்தான் வந்தது. "வாங்குங்கடி, உங்களுக்குப் புண்ணியமா போவுது."

"மண்ணெடுத்துப் போட்டதாரு..."

பாடிப் பழகாத, கரகரத்த குரல். ஜெயம். தாளம் தப்பியது. மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். "மண்ணெடுத்துப் போட்டதாரு? மார்மேல போட்டதாரு?" கையைத் தட்டினாள். வட்டத்துக்கு வெளியே இன்னொரு கை தட்டியது, தாளம் தப்பாமல். யாரென்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம்தான் வட்டம் வாங்கியது. அன்றைக்கு மண் கொட்டிய கைகள் அத்தனையும் தட்டின. முதல் சுற்றில் தன் பெயர் வந்த இடத்தில் கொளஞ்சியின் கால் பின்னிக்கொண்டது. இரண்டாம் சுற்றில் நடந்தாள். மூன்றாம் சுற்றில் அவளும் சேர்ந்து அதைப் பாடினாள்.

பாட்டு முடிந்து பெண்கள் கலைந்தார்கள். கொளஞ்சி நின்ற இடத்திலேயே நின்றாள். ஜெயம் செருகிய தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்தாள். பதிமூன்றரை வருடத்துக்குப் பிறகு பேசினாள்.

"அடுத்த வருசமும் வரேன் கொளஞ்சி."

"வா."

"அந்த ரெண்டு கண்ணியையும் பாடணும்ல" என்றாள் ஜெயம். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கீழத்தெருப் பக்கம் நடந்தாள்.